மருந்தின் தலையில் போட்ட அடி

அவர் எறிந்த சோற்றுக் கோப்பை சுவரில் பட்டுச் சிதறி, ஒரு துண்டு என் இடது புருவத்தைக் கிழித்தது. கறியில் உப்பு அதிகம் என்பது அவருடைய வழக்கு. பிரஷர்காரருக்கென்று நான் அன்று கறிக்கு உப்பே போடவில்லை. கண்ணுக்குள் ரத்தம் வழிய வழிய, "உப்பே போடல்லயே" என்று சொல்லிக்கொண்டு நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. அடிபட்ட நேரத்திலும் நியாயம் கேட்கிற புத்தி எனக்கு.

என் வீட்டுக்காரருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்து அப்போது ஒரு வருடம் ஆகவில்லை. அதற்கு முன்பே சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருந்தது, பிரஷர் இருந்தது, வலது முழங்காலில் யூரிக் அசிட் சேர்ந்து வீங்குகிற மூட்டு வருத்தமும் இருந்தது. புற்றுநோய் வந்து இந்த மூன்றோடும் சண்டை பிடிக்கத் தொடங்கியது. ஒன்றுக்குக் கொடுத்த மருந்து மற்றதைக் கிளப்பிவிடும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குக் கிளினிக் போகிற பஸ்ஸில், மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு, எதை எதோடு கொடுக்கக் கூடாது என்று வாய்க்குள் பாடம் சொல்லிக்கொண்டு போவேன். நான் மனையியல் ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அளவுக் கரண்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள், வீட்டில் நஞ்சை அளந்து கொடுக்கப் பழகினேன்.

அந்த நஞ்சில் ஒன்று ஸ்டீரொயிட் குளிசை. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து எடுத்த பெரிய வைத்தியம் முடிந்த பிறகும், ஒவ்வொரு மாதமும் ஐந்து நாள் அதைக் குடிக்க வேண்டும் என்றார்கள். குடித்தால் முகம் வீங்கும், நித்திரை வராது, பசி அடங்காது, சீனி ஏறும். சீனி ஏறினால் அந்த ஐந்து நாளும் இன்சுலின் ஊசியைக் கூட்ட வேண்டும். இதெல்லாவற்றையும் டொக்டர் சொன்னார். கடைசியில் கதவுப் பக்கம் வரும்போது, "கொஞ்சம் கோபம் வரும், பார்த்துக்கொள்ளுங்க" என்றார். கொஞ்சமாம்.

முதல் மாதம் கோப்பை. அடுத்த மாதம் ஜன்னல் கண்ணாடி. அதற்கடுத்த மாதம் என் முதுகு. குளிசை தொடங்கிய இரண்டாம் நாளே கண் சிவந்து, நடந்துகொண்டே இருப்பார். முற்றத்துக்கும் குசினிக்கும் இடையில் கூட்டில் அடைத்த நரி மாதிரி நடை. நான் மூச்சு விடுகிற சத்தம்கூட அவருக்குப் பிழை. உயர்தரம் படிக்கிற என் மகளை அந்த ஐந்து நாளும் பக்கத்து வீட்டுக்கு, என் மூத்த சகோதரி ராத்தாவிடம், புத்தகத்தோடு அனுப்பிவிடுவேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா ஒரே வளவில் இரண்டு வீடு கட்டி, ஒன்று ராத்தாவுக்கும் ஒன்று எனக்கும் தந்தார். ராத்தாவின் மாப்பிள்ளையும் என் மாப்பிள்ளையும் வேறு ஊர்களிலிருந்து ஆளுக்கொரு பெட்டியோடு வந்தவர்கள். அதனால் வளவில் நடக்கிற எந்தச் சண்டைக்கும் ராத்தா வீட்டுக் குசினி ஜன்னல்தான் முதல் வரிசை.

நான் பொறுமைக்காரி இல்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். சின்ன வயதில் என்னைக் கிள்ளிய பையனின் கையை நான் கடித்ததில், அவனுடைய உம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டிருக்கிறா. ஆனால் இவரைத் திருப்பி அடிக்க என்னால் முடியாது. ரத்தத்தை உறைய வைக்கிற சிறுதட்டுகள் அவருக்கு அடிக்கடி குறைந்துபோகும். கையைச் சும்மா அழுத்திப் பிடித்தாலே ஊதா நிறத்தில் கன்றும். ஒரு தரம் என்னை அடிக்க ஓங்கிய கையை நான் மறித்துப் பிடித்தேன். என் ஐந்து விரலும் அவருடைய மணிக்கட்டில் ஒரு கிழமைக்கு அச்சாகக் கிடந்தது. கிளினிக்கில் தாதி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. என் முதுகை யாரும் பார்க்கவில்லை. அவரைத் தள்ளிவிட்டு, அவர் தலை நிலைப்படியில் பட்டால், மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆள் முடிந்துவிடும். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அடிக்கிறவருக்கு அடி படக்கூடாது. அப்படி ஒரு சண்டையை எந்தப் பெண்ணும் வெல்ல முடியாது.

"மருந்துதான் புள்ள அடிக்கிது, மனிசன் இல்ல" என்றா ராத்தா, என் முதுகில் எண்ணெய் பூசிக்கொண்டே.

"மருந்துக்குக் கை இரிக்கா ராத்தா?"

"சபூர் செய், பொறு. வருத்தக்காரன்."

நானும் அதைத்தான் நம்ப விரும்பினேன். ஐந்து நாள் முடிந்து இரண்டு மூன்று நாளில் கண் வெளுத்து, ஆள் சோர்ந்து, என்னை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டுக் கொண்டு தேயிலை கேட்பார். அந்த வெட்கத்தைப் பார்த்து நான் கரைந்திருக்கிறேன். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி குத்திக்கொண்டே இருந்தது. கலியாணம் முடித்த புதிதில் இவர் இரண்டு தரம் என்மேல் கை நீட்டியவர். அப்போது புற்றும் இல்லை, குளிசையும் இல்லை. பெரிய தெருவில் போட்ட ஹாட்வெயார் கடை ஓடத் தொடங்கியதும் கை அடங்கியது, நானும் மறந்துபோனேன். இப்போது மருந்து அந்தக் கையைப் புதிதாகச் செய்ததா, இல்லை அடைத்து வைத்த கையைத் திறந்துவிட்டதா? மருந்துதான் என்றால் மருந்து முடிகிற நாளில் அடியும் முடியும். அதுவரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். மருந்து இல்லை என்றால், நான் இராப் பகலாகக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காப்பாற்றுவது யாரை? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் வருத்தக்கார மாப்பிள்ளையைச் சந்தேகப்படுகிறவள் என்று ஊர் வாய் என்னைக் கிழிக்கும்.

அதனால் நானாகவே பார்க்கப் பழகினேன். அடி வரும்போது அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறது.

அந்த வருட நோன்பில் வேறொரு மாதிரி அடியைக் கண்டேன். எங்கள் ஊரில் கிளினிக் மருந்து குடிக்கிற முக்கால்வாசிப் பேர் நோன்பு மாதம் வந்தால் டொக்டரைக் கேட்பதில்லை. காலைக் குளிசையை விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரத்துக்கும் இராக் குளிசையை நோன்பு திறக்கிற நேரத்துக்கும் தாங்களே தள்ளிவைத்துக்கொள்வார்கள். பகல் குளிசையை இரண்டில் ஒன்றோடு சேர்த்து விழுங்குவார்கள். பரம்பரையாக வந்த சட்டம் மாதிரி. இவருக்கு நோன்பு கூடாது என்று டொக்டரும் சொல்லியிருந்தார், எங்கள் மௌலவியும் சொல்லியிருந்தார். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார். "சும்மா உங்களோட இருந்து ஒரு வாய் சாப்பிடுறன்" என்று சஹருக்கு எங்களோடு உட்கார்ந்தார், இன்சுலினையும் அப்போதே போட்டுக்கொண்டார். பகலில் நான் வைத்த சாப்பாட்டை மதிலுக்குப் பின்னால் பூனைக்குக் கொட்டிவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததில் போன வருடம் ஒரு நோன்பும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நான் நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டு நின்றேன். பின்னால் வந்து பானையை ஒரு தட்டு. கொதிக்கிற கஞ்சி என் பாதத்தில் கொட்டியது. கத்தத் திரும்பினேன், கழுத்தைப் பிடித்தார். பிடித்த கை பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. சீனி இறங்கிவிட்டது என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. நோன்பு திறக்கக் கரைத்து வைத்திருந்த சர்பத்தை எட்டி எடுத்து, கழுத்தில் அவர் கை இருக்க இருக்க, அவர் வாய்க்குள் ஊற்றினேன். பாதி என் நெஞ்சில் வடிந்தது. மகள் ஓடிவந்து வாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் நிலத்தில் உட்கார்ந்து, வெந்துபோன என் காலைப் பார்த்து, "கஞ்சி எப்படிக் கொட்டின?" என்று கேட்டார். நடந்த எதுவும் அவருக்குத் தெரியவில்லை. சொன்னபோது என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அடியை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அது அவருடையது இல்லை. விறைத்த ஒரு கைதான் அது.

ஆக, வியர்த்து வருகிற அடி சீனி இறங்கினது. கண் சிவந்து நடந்து நடந்து வருகிற அடி ஸ்டீரொயிட். இரண்டையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அதிலிருந்து சீனி பார்க்கிற சின்ன மிஷினை எந்த நேரமும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்தேன்.

நோன்புக்குப் பிறகு போன கிளினிக்கில் டொக்டர் நல்ல செய்தி சொன்னார். ரத்தத்தில் புற்று இல்லை. சீனி இப்படி ஏறி இறங்குவதால் அந்த ஐந்து நாள் ஸ்டீரொயிட்டை இனி நிறுத்திவிடுவோம். தினமும் குடிக்கிற புற்றுக் குளிசையையும், வெள்ளிக்கிழமை மட்டும் குடிக்கிற குளிசையையும் இன்னும் ஒரு வருடத்துக்குக் கொடுத்தால் போதும் என்றார். வரும்போது கல்லடிப் பாலத்தில் பஸ் ஏற, வாவியைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். அவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அடி முடிந்தது என்ற சந்தோஷம் அது. அன்று வீட்டுக்கு வந்து, ராத்தாவைக் கூப்பிட்டு வைத்து வட்டிலப்பம் அவித்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் பரிதாபம் வருகிறது.

இரண்டு மாதம் வீடு வீடாக இருந்தது. பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது.

பெருநாளன்று ஈரலும் இறைச்சியும் வேண்டாம் என்று நான் தலையால் அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. குர்பான் இறைச்சியைச் சாப்பிடாமல் என்ன பெருநாள் என்றார். மறுநாள் காலை முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கி நெருப்பாய்க் கொதித்தது. தடியை ஊன்றிக்கொண்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். அன்று ராத்தா வீட்டுக் குர்பான். வளவுக்குள் மாடு அறுத்து, ஓலைப் பாயில் இறைச்சியைக் குவித்துப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். ராத்தாவின் மாப்பிள்ளை கத்தியோடு குந்தியிருந்தார். கையெல்லாம் ரத்தம், கால் சகதியில். அவருக்கும் இதே மூட்டு வருத்தம் உண்டு.

"என்ட குளிசை இரிக்கி சகலன். ரெண்டு போடுங்க, பின்னேரத்துக்கு வத்திரும்" என்று சொல்லி, மடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

எங்கள் வளவில் மருந்து அப்படித்தான். பிரஷர் குளிசை முடிந்தால் ராத்தா என்னிடம் வாங்குவா, வயிற்றெரிவுக்கு நான் அவவிடம் வாங்குவேன், கறிவேப்பிலை மாதிரி. அவர் நீட்டியதில் கள்ளம் இல்லை. ஆனால் அந்த மூட்டுக் குளிசையைத்தான் புற்று வந்த உடனே டொக்டர் முதல் வேலையாக நிறுத்தினார். அதுவும் புற்றுக் குளிசையும் ஒன்றாக உடம்புக்குள் போனால், புற்றுக் குளிசை கழியாமல் சேர்ந்து சேர்ந்து எலும்பு மச்சையைக் கொன்றுவிடும். ரத்தம் ஊறுவது நின்றுபோகும். இது இவருக்கும் தெரியும். என் முன்னால் வைத்துத்தான் டொக்டர் சொன்னார்.

நான் ஓடிப்போய் அட்டையைப் பறித்தேன். ரத்தமும் தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்த கானுக்குள் எறிந்தேன்.

"அத நீங்க குடிச்சா மௌத்துத்தான், உசிர் போயிரும். வலிக்கு வேற மருந்து இரிக்கி, கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேட்டுத் தாறன்" என்றேன்.

அவர் எழும்பினார். மெதுவாக எழும்பினார். தடியைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தால் என்னை அடித்தார். முதல் அடியை முழங்கையால் மறித்தேன். உள்ளே எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது காதில் விழுந்தது. தோடு கிழித்துக்கொண்டு போனது. "ஆம்பிளயள்ற முன்னால எனக்குப் படிப்பிக்க வாறியா?" என்றார். சத்தம் போடவில்லை. கடையில் சாமான் விலை சொல்கிற குரல்தான்.

நான் அவருடைய கண்ணைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. நெற்றியைப் பார்த்தேன். வியர்வை இல்லை. கண் நேராக என்னைப் பார்த்தது, நான் யார் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு பார்த்தது.

"மருந்து... சீனி..." என்று ராத்தா வாய் குழறினா.

சட்டைப் பையில் இருந்த மிஷினை எடுத்து மகளிடம் கொடுத்தேன். "வாப்பாட விரல்ல குத்து" என்றேன். என்னால் ஒரு கையை அசைக்க முடியவில்லை. அவள் போய், தடி பிடித்த கையைத்தான் பிடித்துக் குத்தினாள். அவரும் ஏனோ காட்டிக்கொண்டு நின்றார். பழக்கமாக இருக்கலாம். மிஷின் சத்தம் கொடுத்ததும் மகள் வாசித்தாள்: நூற்றுப் பதினெட்டு.

இந்த இரண்டு வருடத்தில் அவ்வளவு நல்ல கணக்கு வந்ததே இல்லை.

"மருந்து நிப்பாட்டி ரெண்டு மாசம். சீனி சரி. இனி யார்ர தலையில போடப் போறீங்க ராத்தா?" என்று கேட்டேன். காதிலிருந்து வடிந்த ரத்தம் பாயில் கிடந்த இறைச்சியில் படாமல் தள்ளி நின்றேன். பிறகு அவரைப் பார்த்து, "என்ட ஊட்ட விட்டு வெளிய போங்க" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் "என்ட ஊடு" என்று அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தரம். எங்கள் பெண்கள் அதை எளிதில் சொல்லமாட்டார்கள். சொன்னால் மாப்பிள்ளைமார் நிற்க இடமில்லை.

சம்மாந்துறையில் இருக்கிற அவருடைய தங்கச்சி வீட்டுக்கு ஓட்டோவில் போனார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைக்கு மாக்கட்டுப் போட்டுக்கொண்டேன். விழுந்ததா என்று கேட்டார்கள். அடித்தது என்றேன். சொல்லிவிட்டு, வாய்க்குள் ஒரு வருடமாகக் கிடந்த கல்லைத் துப்பின மாதிரி இருந்தது.

எங்கள் தாய்வழிக் குடிக்குப் பெரியவரான மரைக்கார் பள்ளிவாசலிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், என் கையைப் பார்க்காமல் தேநீரைப் பார்த்துக் கதைத்தார்.

"கேன்சர்காரன வெளிய போட்டா ஊர் என்ன சொல்லும் மகள்? அவருக்கு மருந்து மாறிப்போனா அந்தப் பாவம் யாருக்கு?"

"மருந்து மாறாது. குளிசை எல்லாத்தையும் நாள் பிரிச்சுக் கட்டி நான்தான் அனுப்புறன். அவர்ர தங்கச்சிக்கு ஊசி போடவும் காட்டிக் குடுத்திட்டன். கிளினிக்குக்கும் நானே கூட்டிப் போவன்" என்றேன். "ஊருக்கு இத நீங்க சொல்லுங்க மரைக்கார். என்ட காதையும் சொல்லுங்க."

அவர் தேநீரை முடிக்காமலே போனார். பொய் சொல்லக்கூடாது, பயமாகத்தான் இருந்தது. தங்கச்சி ஒரு குளிசையைப் பிழையாகக் கொடுத்து ஆள் போய்விட்டால், நான் கொன்றதாகத்தான் என் மனமே சொல்லும். இராக்களில் எழும்பி உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் திரும்பி வாருங்கள் என்று கூப்பிட என் வாய் திறக்கவில்லை.

போன மாதம் கிளினிக்கில் டொக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மூன்று வருத்தத்தோடு புற்றையும் இவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்ட வீட்டை நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன் என்றார். யார் மருந்து கொடுக்கிறது என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு என்னைக் காட்டினார். மாக்கட்டை வெட்டிய பிறகும் என் கை முழுசாக நிமிராது. அந்தக் கையால்தான் அடுத்த மாத மருந்தை வாங்கிப் பையில் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் அவர் எனக்குச் சோடா வாங்கித் தந்தார். குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார். ஆள் மெலிந்திருந்தார், தலைமயிர் திரும்ப முளைத்திருந்தது. கலியாணத்துக்கு வந்த நாளில் இருந்த முகம் கொஞ்சம் தெரிந்தது.

"நான் மௌத்தாப் போகணும் என்டா நினைக்கிறாய்?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். மருந்துப் பையை அவர் கையில் கொடுத்தேன். "வெள்ளிக்கிழமைக் குளிசை தனியாக் கட்டியிரிக்கி, மத்ததோட சேர்க்க வேணாம். அல்லாஹ் உங்களுக்கு நூறு வயசு தரட்டும். என்ட ஊட்டுக்குள்ள வேணாம்."